இனிப்பே மருந்தாகும் வேளை: நீரிழிவாளர் மயக்கச் சிகிச்சையின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில், கண்டியிலிருந்து கம்பளை நோக்கிச் சென்ற பேருந்தொன்றில் முதியவர் ஒருவர் உடல் வியர்த்து, வாய் குழறி, இருக்கையிற் சரிந்தார். "நன்றாகக் குடித்திருக்கிறார்" என்றனர் அருகிலிருந்தோர். அக்கூற்றை நானும் நம்பினேன். முன்னிருக்கைப் பெண்மணி ஒருவரே அவரது பையிலிருந்த மருந்துச் சீட்டைக் கண்டார். அழைத்தபோது அவர் கண் திறந்து மறுமொழி முனகினார். நீர் விழுங்கவும் முடிந்தது. எனவே தம் பிள்ளைக்கு வாங்கிய இனிப்புப் பானத்தை மெல்ல மெல்லப் பருகக் கொடுத்தார். பேராதனைச் சந்தியைக் கடந்து சிறிது தூரம் செல்வதற்குள் அம்முதியவர் நிமிர்ந்திருந்து தம் பெயரைக் கூறினார். ஒரு குவளை இனிப்பு ஓர் உயிரை மீட்டதெனில், அவ்வறிவு மனிதருக்கு எவ்வாறு வந்தது? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

மருத்துவர் 'ஹைப்போகிளைசீமியா' என வழங்கும் நிலையை ஈண்டுச் 'சீனித் தாழ்வு' எனக் குறிப்பிடுவோம். நீரிழிவு பழைய நோய். சிறுநீர் தேனையொத்து இனிப்பதைக் கண்டே வடமொழி மருத்துவ நூலார் அதனை 'மதுமேகம்' என்றனர். நம்மவர் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் வழங்குவர். எனினும் பண்டையோர் அறிந்தது சீனியின் மிகுதியையே. நீரிழிவாளருக்கு நேரும் கடுமையான சீனித் தாழ்வு, பெரும்பாலும் நோயின் விளைவன்று. நோய்க்கு அளிக்கும் மருந்தின் விளைவு. ஆதலின் அதன் வரலாறு இன்சுலினின் வரலாற்றோடு தொடங்குகின்றது.

1921இல் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பன்ரிங், பெஸ்ற் ஆகியோர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில் சதையியின் சாற்றைப் பிரித்தெடுத்தனர். பின்னர் இணைந்த கொலிப் என்னும் உயிர்இரசாயன அறிஞர் அச்சாற்றைத் தூய்மைப்படுத்தினார். 1922 சனவரியில் லெனாட் தொம்சன் என்னும் சிறுவனுக்கு அது ஏற்றப்பட்டது. இவ்வரலாறு பலரும் அறிந்தது. அதனுள் மறைந்துகிடக்கும் மற்றொரு நிகழ்ச்சியே நமக்கு இன்றியமையாதது. கொலிப் தம் சாற்றின் வலிமையை முயல்களில் சோதித்தார். அளவு மிகுந்தபோது முயல்கள் வலிப்புற்று வீழ்ந்தன; குளுக்கோசு ஏற்றியதும் மீண்டெழுந்தன. மருந்து பிறந்த கூடத்திலேயே அதன் மாற்றுமருந்தும் கண்டறியப்பட்டது எனலாம். தொடக்ககால நோயாளர் தோடம்பழச் சாற்றையோ இனிப்பையோ உடன் வைத்திருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர்.

உணர்வுள்ளவருக்கு இனிப்புப் போதும். உணர்விழந்தவர்க்கு யாது செய்வது? வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழாயுட் சென்று மூச்சடைக்கக்கூடும். எனவே குளுக்கோசுக் கரைசலை நாளத்தினூடாக ஏற்றும் முறை வழக்காயிற்று. இம்முறையில் மருத்துவவுலகம் பெற்ற பயிற்சிக்கு விந்தையானதொரு காரணமும் உண்டு. 1930களில் மான்பிரெட் சாக்கெல் என்பார் உளநோயாளருக்கு வேண்டுமென்றே இன்சுலினை மிகுதியாக ஏற்றி ஆழ்ந்த மயக்கத்துக்குள்ளாக்கும் சிகிச்சையைப் பரப்பினார். மயங்கியோரை மூக்குக் குழாய் வழியாகவோ நாளத்தின் வழியாகவோ குளுக்கோசு செலுத்தி எழுப்பினர். மீளாது மடிந்தோரும் உளர். 1953இல் ஹரல்ட் போண் அச்சிகிச்சையின் பயனை வினாவுக்குட்படுத்தினார். பின்னர் அது வழக்கொழிந்தது.

இன்னொரு வழியும் உடலுக்குள்ளேயே இருந்தது. 1923இல் கிம்பல், மேர்லின் ஆகியோர் சதையிச் சாற்றில் குருதிக் குளுக்கோசை உயர்த்தும் பொருளொன்றைக் கண்டு அதற்குக் 'குளுக்ககன்' எனப் பெயரிட்டனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1953இல், அது தூய பளிங்குருவிற் கிடைத்தது. 1960இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. நாளந்தேடத் தெரியாத உறவினரும் அதனைத் தசையில் ஏற்றலாம் என்பதே அதன் சிறப்பு. 2019இல் மூக்கினூடாகச் செலுத்தும் வடிவமும் அங்கு அனுமதிக்கப்பட்டது. எனினும் குளுக்ககன் தானாகச் சீனியைத் தருவதில்லை. ஈரலிற் சேமித்த கிளைக்கோசனையே விடுவிக்கின்றது. பட்டினி கிடந்தவரிடத்தும் மது மிகுதியாக அருந்தியவரிடத்தும் அச்சேமிப்பு வற்றியிருக்குமாதலால் மருந்து பயன்படாது போகலாம்.

சிகிச்சையினும் அரிதாயிருந்தது இனங்காணலே. பெனடிக்ற் கரைசலால் சிறுநீரைச் சோதித்த காலத்தில் சீனி மிகுந்திருப்பதை அறிய முடிந்தது; ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருப்பதை அறிய முடியவில்லை. சீனி இயல்பாயினும் தாழ்ந்திருப்பினும் சிறுநீர்ச் சோதனை ஒரே விடையையே தரும். 1960களின் நடுப்பகுதியில் குருதித்துளிச் சோதனைத் தாளும், 1970 அளவில் அதனை அளக்கும் கருவியும் வந்த பின்னரே இக்குறை நீங்கத் தொடங்கியது. இதற்கிடையே 1942இல் பிரான்சின் மொன்பெலியேயில், நெருப்புக் காய்ச்சலுக்கு அளித்த சல்பா மருந்தொன்று சீனியைத் தாழ்த்தக் கண்டனர். அதன்வழி உருவான மாத்திரைகள் 1950களில் பரவின. ஊசிக்கு அஞ்சியோர்க்கு அவை வரமாயின. ஆயின் அவற்றுட் சில உடலில் நெடுநேரம் நின்று, எழுந்தவரை மீண்டும் வீழ்த்தவல்லன. சிறுநீரகம் தளர்ந்த முதியோர்க்கு இவ்வாபத்து மிகுதி.

இவ்வரலாற்றைக் கண்டிச் சூழலில் வைத்து நோக்குதல் தகும். ஹேவாஹெட்டையைச் சார்ந்த லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் தேயிலை பயிரிட்டது முதல் இம்மலைச்சாரல்கள் தோட்டங்களாயின. லயங்களில் வாழ்ந்தோர்க்கு மருத்துவமென்பது பன்னெடுங்காலம் தோட்ட மருந்துச்சாலையளவே. பேராதனையில் பல்கலைக்கழகம் 1952இல் நிலைகொண்டது. மருத்துவ பீடம் 1962இல் உருவாயிற்று. போதனா வைத்தியசாலை 1980இல் எழுந்தது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 'சுவசெரிய' நோயாளர் காவு வண்டிச் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. நிறுவனங்கள் வளர்ந்தன, நோயும் வளர்ந்தது. 2005-2006 காலப்பகுதியில் வடக்கு, கிழக்கு நீங்கலான மாகாணங்களில் நடந்த ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மர் நீரிழிவாளர் எனக் காட்டியது. ஆயின் மூளை குளுக்கோசின்றி நெடிது பொறுக்காது. காலையில் மாத்திரை விழுங்கி, உண்ணாமற் கொழுந்தெடுக்கச் சென்ற ஒருத்தி மலைச்சரிவில் மயங்குவாளாயின், வண்டி வளைந்தேறி வரும்வரை அவளைக் காப்பவர் பக்கத்து நிரையில் நிற்பவரே.

அவர் அறியவேண்டுவது சிறிதே. வியர்வை, நடுக்கம், பசி, தடுமாற்றம், பொருந்தாப் பேச்சு ஆகியன அறிகுறிகள். குருதிக் குளுக்கோசு தெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் குறைவது எச்சரிக்கை. பிறர் உதவியின்றி மீள முடியாத நிலையே கடுமையானது. விழுங்க வல்லவருக்கு 15 முதல் 20 கிராம் வரை குளுக்கோசு அல்லது அதற்கீடாக மூன்று, நான்கு தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்தல் வேண்டும். சீனியிட்ட சாயத்தண்ணியும் ஆறியிருப்பின் உதவும். 15 நிமிடத்தில் தெளிவு தோன்றாவிடின் மீண்டும் கொடுத்தல் வேண்டும். தெளிந்தபின் சோறோ ரொட்டியோ உண்ணச் செய்தல் நன்று. உணர்விழந்தவர் வாயில் எதனையும் இடலாகாது. பக்கவாட்டிற் கிடத்தி, 1990ஐ அழைத்தல் வேண்டும். வைத்தியசாலையில் நாளத்தினூடாகக் குளுக்கோசு ஏற்றுவர். முன்னர் வழங்கிய 50 வீதக் கரைசல் நாளத்தைப் புண்படுத்துவதால், இன்று 10 அல்லது 20 வீதக் கரைசலையே பலர் விரும்புவர். மாத்திரையால் மயங்கியவரை, தெளிந்த பின்னரும் ஒரு நாளேனும் கண்காணித்தல் தேவை.

நூறாண்டு ஆய்வின் முடிவில் நம் கையில் எஞ்சுவது சமையலறைச் சீனியே. இப்பொருளுக்குப் பஞ்சமில்லை, வீழ்ந்தவரை நோயாளர் எனக் காணும் கண்ணுக்கே பஞ்சம். அன்று அப்பேருந்தில் கல்வி பயின்ற நான் குடிகாரரைக் கண்டேன். முன்னிருக்கைப் பெண்மணி மனிதரைக் கண்டார். மருத்துவ பீடத்தினர் மட்டுமன்றி நாமும் இச்சிறு அறிவைப் பெறுதல் வேண்டும் என்பதற்கு அந்த வெட்கமே எனக்குப் போதிய சான்று.