மருந்தின் பெயர் பொதுச்சொத்து

மாத்திரை அட்டையில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப்பெயர். யார் தயாரித்தாலும் அதற்கு அந்தப் பெயர்தான். மற்றொன்று, தயாரித்த நிறுவனம் பதிவு செய்துகொண்ட வணிகப் பெயர். அதை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. மருத்துவர் எழுதுவதும் மருந்துக்கடையில் நாம் கேட்பதும் பெரும்பாலும் இரண்டாவது பெயரைத்தான். இது தானாக வந்த பழக்கம் அல்ல. காப்புரிமை முடிந்த பிறகும் ஒரு மருந்தைத் தன் பிடியில் வைத்திருக்க வணிகப் பெயர் உதவியது. அந்தப் பிடியைத் தளர்த்தவே பொதுப்பெயர்களைத் திட்டமிட்டு உருவாக்க வேண்டியிருந்தது. மருந்தின் பெயர் மக்களின் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும் என்பதற்கு இந்த வரலாறே வலுவான சான்று.

ஆஸ்பிரின் என்ற பெயரை ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1899 மார்ச் 6 அன்று பெர்லினில் பதிவு செய்தது. அந்த வேதிப்பொருள் புதியதல்ல; பிரெஞ்சு வேதியியலர் ஷார்ல் ஜெரார் 1853இலேயே அதைத் தயாரித்திருந்தார். ஜெர்மனியில் அதற்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. பிரிட்டனில் கிடைத்த காப்புரிமை 1905இல் ரத்தானது. அமெரிக்காவில் மட்டும் 1900 முதல் 1917 வரை நீடித்தது. காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. புதுப்பித்துக்கொண்டே இருந்தால் வணிகப் பெயருக்கு முடிவே இல்லை. அதனால் மருந்தைவிட அதன் பெயரே நிறுவனத்துக்கு மதிப்புமிக்க உடைமை ஆயிற்று. முதல் உலகப்போரின்போது பேயரின் அமெரிக்கச் சொத்துகளை அரசு கைப்பற்றியது. 1918இல் ஸ்டெர்லிங் நிறுவனம் அவற்றை ஏலத்தில் வாங்கியது. பெயர் யாருக்கு என்ற வழக்கில் 1921இல் நீதிபதி லெர்னெட் ஹாண்ட் தீர்ப்பளித்தார். மருத்துவர்களுக்கும் மருந்து வணிகர்களுக்கும் அசிட்டைல் சாலிசிலிக் அமிலம் என்ற பெயர் தெரியும். வாங்கும் மக்களுக்கோ ஆஸ்பிரினைத் தவிர வேறு பெயர் தெரியாது. எனவே மக்களுக்கு விற்கும் இடத்தில் அந்தப் பெயர் எல்லோருக்கும் உரியது என்றார். ஒரு பொருளுக்கு மக்கள் அறிந்த பெயர் ஒன்றே இருந்து, அதுவும் ஒருவரின் உடைமையாக இருந்தால், சட்டப்படி சந்தை திறந்திருந்தும் நடைமுறையில் மூடியே இருக்கும் என்பதை அந்த வழக்கு காட்டியது. ஜெர்மனியில் இன்றும் ஆஸ்பிரின் பேயரின் வணிகக்குறிதான்.

ஒவ்வொரு மருந்துக்கும் வழக்கு நடத்திக்கொண்டிருக்க முடியாது. தொடக்கத்திலேயே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயரை வைத்துவிடுவதே வழி. 1950இல் உலக சுகாதார சபை இதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. 1953இல் முதல் பட்டியல் வெளிவந்தது. மருந்து எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பெயரின் ஒரு பகுதியே சொல்லும்படி இந்த முறை அமைந்தது. அட்டினோலால், மெட்டோப்ரோலால் ஆகியவற்றின் 'ஓலால்' அவை பீட்டா தடுப்பான்கள் என்று சொல்கிறது. எனலாப்ரிலின் 'ப்ரில்', லோசார்டனின் 'சார்டன்', அடோர்வாஸ்டேட்டினின் 'ஸ்டேட்டின்' எல்லாம் அப்படியே. பெனிசிலின் ஒவ்வாமை உள்ள நோயாளிக்கு அமாக்சிசிலின் என்று எழுதினால், அந்தச் 'சிலின்' செவிலியரை எச்சரிக்கும். வணிகப் பெயர் அப்படி எச்சரிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இந்த ஒழுங்கைக் காப்பதற்காகவே, பொதுப்பெயர்களையும் அவற்றின் குடும்பக் குறிகளையும் ஒட்டி வணிகப் பெயர்களை உருவாக்க வேண்டாம் என்று உலக சுகாதார சபை 1993இல் கேட்டுக்கொண்டது.

பெயர் இருந்தால் மட்டும் போதாது, அது கண்ணில் பட வேண்டும். அமெரிக்காவில் செனட்டர் கிஃபாவர் மருந்துத் துறை பற்றி 1959இல் தொடங்கிய விசாரணைகளின் தொடர்ச்சியாக, பொதுப்பெயர் வணிகப் பெயரின் பாதி அளவிலாவது அச்சாக வேண்டும் என்று 1962 சட்டம் கட்டாயமாக்கியது. இலங்கையில் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே இன்னும் முன்னேறிச் சென்றார். 1971இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. மருந்துகளின் எண்ணிக்கையைக் குறைத்து, உலகளாவிய டெண்டர் மூலம் பொதுப்பெயரில் வாங்கியது. இந்தியாவில் ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழு, வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கலாம் என்று 1975இல் பரிந்துரைத்தது. சில மருந்துகளுக்கு மட்டும் அதைச் செயல்படுத்த அரசு முயன்றபோது நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன, முயற்சி நின்றுபோனது.

இதற்கு எதிரான வலுவான வாதம் தரம் பற்றியது. வணிகப் பெயர் ஒரு பொறுப்புறுதி, பெயர் போனால் பொறுப்பும் போகும் என்கிறார்கள். பாகிஸ்தானின் அனுபவம் இந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறது. 1972இல் அங்கே வணிகப் பெயர்களை நீக்கிச் சட்டம் வந்தது. தரமற்ற மருந்துகள் பற்றிய அச்சம் பரவ, 1976இல் அது கைவிடப்பட்டது. ஆனால் அந்தத் தோல்வி கற்பிப்பது, ஆய்வகமும் கண்காணிப்பும் இல்லாமல் பெயரை மட்டும் மாற்றக் கூடாது என்பதே. எதிர்த்திசைச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைப் பொதுப்பெயரில் டெண்டர் விட்டு வாங்குகிறது. வந்த சரக்கின் மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்த பிறகே வழங்குகிறது. பிற மாநிலங்களும் இந்த முறையைப் பின்பற்றின. பெயரின் மீதுள்ள நம்பிக்கை சோதனைக்கு ஈடாகாது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் 1968 வாக்கில் நடந்தது சாட்சி. வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின் கேப்சூலில் மருந்தோடு சேர்க்கும் நிரப்புப்பொருளை மாற்றியதும், வழக்கமான அளவையே எடுத்துக்கொண்ட நோயாளிகளுக்கு நச்சு விளைவுகள் தோன்றின. கேப்சூலின் பெயர் மாறவே இல்லை. இத்தகைய நுட்பமான மருந்துகளில் ஒரே தயாரிப்பைத் தொடர்வது நல்லதுதான். பொதுப்பெயரோடு தயாரிப்பாளர் பெயரையும் எழுதினால் அந்தத் தேவை நிறைவேறிவிடும்.

பொதுப்பெயர் நீளமானது, வாயில் நுழையாது, வணிகப் பெயரே நினைவில் நிற்கும் என்பது இன்னொரு வாதம். சுருக்கமான பெயர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. வயிற்றுப்புண்ணுக்கான லோசெக், சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸோடு குழம்பியதால் அமெரிக்காவில் பிரைலோசெக் ஆனது. இந்தியாவில் ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரண்டும் மலேரியா மருந்துகள். முன்னதில் இருந்தது ஆர்ட்டிசுனேட், பின்னதில் மெஃப்ளோகுயின். இந்தப் பெயர்களைப் பற்றிய வழக்கில் 2001இல், மருந்துகளின் பெயர் ஒற்றுமையை மற்றப் பொருள்களைவிடக் கண்டிப்பாக அணுக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பொதுப்பெயர்களுக்குள்ளும் குழப்பம் நேர்வதுண்டு. ஆனால் அங்கே புதுப் பெயரை ஏற்கும் முன் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொது அமைப்பு ஒன்று இருக்கிறது.

பொதுப்பெயரில் எழுதினால் எந்த நிறுவனத்தின் மருந்தைக் கொடுப்பது என்ற முடிவு மருத்துவரிடமிருந்து கடைக்காரரிடம் போய்விடும் என்ற கவலை நியாயமானது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் பொதுப்பெயரைக் கட்டாயமாக்கி வெளியிட்ட விதிகள், மருத்துவர்களின் எதிர்ப்பால் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த முடிவில் கடைக்காரரின் லாபம் குறுக்கிடக் கூடாது என்றால், விலையையும் தரச் சோதனை முடிவையும் நோயாளி பார்க்கும்படி வைக்க வேண்டும். பெயரை மறைத்துவைப்பதால் அந்தச் சிக்கல் தீராது. பல மருந்துகளில் பொதுப்பெயர் வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும் என்று 2018இல் இந்திய விதிகள் திருத்தப்பட்டன. அட்டைக்கு வந்த அந்த விதி மருந்துச்சீட்டுக்கும் வர வேண்டும். அதோடு சோதனைக்கூடங்களும் ஆய்வாளர்களும் பெருக வேண்டும். தான் விழுங்குவது என்ன மருந்து என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. அதை எந்த நிறுவனத்தின் தயவுக்கும் விடக் கூடாது.