மூணு கால் எழுத்து

ரஷ்ய மொழியில அச்சடிச்ச புத்தகம்னா தட்டுத்தடுமாறியாவது வாசிச்சுடுவேன். ஆனா என் டீச்சர் நோட்டுல கையால எழுதின ஒரே ஒரு வரியில தோத்துட்டேன்.

அச்சுல 'த்' ஒலிக்கு ஆங்கில 'டி' மாதிரி எழுத்து. கூட்டெழுத்துல அதுவே மூணு காலோட சின்ன 'எம்'! ஏன் இந்தக் குழப்பம்?

1708-ல ஜார் மகா பீட்டர் புது அச்செழுத்தைக் கொண்டுவந்தார். 1710-ல வேண்டாத எழுத்துகளைத் தன் கையாலேயே அடிச்சார். அந்த அச்சுலயும் இதுக்கு மூணு கால்தான். பிற்பாடு அச்சு மாறிடுச்சு; கை மாறலை. இன்னைக்கும் அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகள் இப்படித்தான் எழுதிப் பழகுறாங்க.

நானும் அவங்களை மாதிரியே சாய்கோடு நோட்டுல எழுதிப் பழகினேன். மூணு வாரம் கழிச்சு அந்த வரி புரிஞ்சுது: 'அவசரப்படாதே, மெதுவா எழுது.'