கப்பலேறி வந்தவர்களும் அவர்கள் கட்டிய பங்குகளும்



விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றதும் நம் ஆலயத்தின் அடிக்கல், முதற் குரு, மணிக்கூண்டு, தேர்த்திருவிழா ஆகியவற்றை எதிர்பார்ப்பீர்கள். அவற்றைப் பங்கின் மூத்த ஆசிரியப் பெருமக்கள் இம்மலரின் முற்பகுதியில் செவ்வனே எழுதியுள்ளனர். நாம் வேறொரு நாட்டின் கதையை எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் யார் எங்கிருந்து வந்தார்கள், எங்கே குடியமர்ந்தார்கள், ஏன் அங்கே அமர்ந்தார்கள் என்பதே நம் பொருள். அந்நாட்டுக் குடியேற்ற வரலாற்றின் பெரும் பகுதியைப் பங்குகளின் வரலாறாகவே எழுதிவிடலாம். ஆகவே ஜூபிலி காணும் பங்கு ஒன்று அதைப் படிப்பதில் பொருத்தம் உண்டு. குருமடத்தில் நாம் திருச்சபை வரலாறு பயின்றபோது பாடம் ஐரோப்பாவிலேயே சுற்றிவரும். அமெரிக்காவுக்குத் தேர்வுக்கு முந்தைய வாரம் இரண்டு பக்கம் கிடைக்கும். அந்த இரண்டு பக்கத்துக்கு வெளியே இருந்ததைப் பின்னாளில்தான் தேடிப் படித்தோம்.

1980ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் அந்நாட்டு அரசு ஒரு புதுக் கேள்வியைச் சேர்த்தது: உங்கள் மூதாதையர் எந்நாட்டார், எவ்வினத்தார்? 2000ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு 4 கோடியே 28 இலட்சம் பேர் ஜெர்மானியர் என்றும், 3 கோடியே 5 இலட்சம் பேர் ஐரிஷ்காரர் என்றும், 1 கோடியே 56 இலட்சம் பேர் இத்தாலியர் என்றும், சுமார் 90 இலட்சம் பேர் போலந்துக்காரர் என்றும் விடையளித்தனர். ஏறத்தாழ 2 கோடிப் பேர் 'அமெரிக்கர்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டனர். கென்டக்கி, டென்னசி முதலிய மலைப்பாங்கான மாநிலங்களில் இத்தகையோர் மிகுதி. வந்து தலைமுறைகள் பல ஆகிவிட்டதால் கப்பலின் நினைவே அற்றுப்போயிற்று எனலாம்.

இவ்விடைகளை ஒரு நாட்டுப்படத்தில் வண்ணமிட்டுப் பார்த்தால் பல தானியங்களைக் கலந்து தூவிய வயல் தெரிவதில்லை; வரப்பு கட்டிய பாத்திகளே தெரிகின்றன. மாசச்சூசெட்சில் ஐரிஷ்காரர், நியூஜெர்சியிலும் ரோட் தீவிலும் இத்தாலியர், விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் ஜெர்மானியர், வட டக்கோட்டாவில் நார்வேகாரர். தென்மேற்கில் மெக்சிகோ வழியினர். இவர்களுள் பலருடைய முன்னோர் எங்கும் பெயர்ந்து வந்தவர் அல்லர். 1848இல் மெக்சிகோ போரில் தோற்று உடன்படிக்கை எழுதிக் கொடுத்தபோது மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்; எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று.

பாத்திகள் எவ்வாறு உண்டாயின? ஐரிஷ்காரரை முதலில் எடுத்துக்கொள்வோம். 1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது. சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இறங்கியபோது அவர்கள் கையில் அடுத்த ஊருக்குப் போகவும் காசில்லை. ஆதலால் இறங்கிய துறைமுகத்திலேயே தங்கினர். கால்வாய் வெட்டினர், தண்டவாளம் போட்டனர், வீட்டு வேலை செய்தனர். ஜெர்மானியருள் பலர் ஊரில் நிலத்தை விற்றுச் சிறு முதலோடு வந்தவர்கள். அவர்கள் உள்நாட்டுக்குச் சென்று விளைநிலம் வாங்கினர். சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ், மில்வாக்கி ஆகிய மூன்று நகரங்களுக்கு இடைப்பட்ட நாட்டை ஜெர்மானிய முக்கோணம் என்றே அழைத்தனர். முதலில் போனவர் ஊருக்குக் கடிதம் எழுதுவார். அக்கடிதத்தைப் பார்த்து மைத்துனர் வருவார், பிறகு பக்கத்து வீட்டார் வருவர். இது நம்மவர்க்குப் புதிதன்று. நம் தெருக்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களும் இப்படித்தானே போனார்கள்?

கடிதம் எழுதியவர்களுள் குருக்களும் உண்டு. ஸ்லோவேனியா நாட்டவரான பிரான்சிஸ் பியர்ஸ் அடிகளார் தம் 67ஆம் வயதில், 1852இல், மினசோட்டாவுக்கு வந்து ஒஜிப்வே பழங்குடியினரிடையே பணியாற்றினார். அங்குள்ள மண்ணின் செழிப்பையும் நீர்வளத்தையும் புகழ்ந்து அவர் ஜெர்மன் கத்தோலிக்க இதழில் கடிதங்கள் எழுத, அவற்றைப் படித்த குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன. 1856இல் பெனடிக்ட் சபைத் துறவியரும் வந்தனர். ஸ்டேர்ன்ஸ் என்னும் அம்மாவட்டம் இன்றளவும் ஜெர்மானியக் கத்தோலிக்கர் செறிந்த பகுதியாக விளங்குவது ஒரு முதிய குருவின் பேனாவினால் என்றால் மிகையாகாது. குளிரைப் பற்றி அடிகளார் சற்றுக் குறைத்தே எழுதினார் போலும்! 1873 முதல் 1877 வரை வெட்டுக்கிளிகள் பயிரை மொட்டையாக்கின. கோல்ட் ஸ்பிரிங் என்னும் ஊரில் விவசாயிகள் தேவதாய்க்கு நேர்ச்சை செய்து 1877இல் மரத்தால் ஒரு சிற்றாலயம் எழுப்பினர். 1894இல் சூறாவளி அதைத் தூக்கியெறிந்தது. 1952இல் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கருங்கல்லில் மீண்டும் கட்டினர். ஒன்றையும் மறக்கலாகாது: அந்நிலம் காலியாகக் கிடந்த நிலம் அன்று. ஒப்பந்தம் என்ற பெயரால் பூர்வகுடிகளிடமிருந்து பெற்ற நிலமே அது.

திட்டமிட்ட குடியேற்றம் எல்லாம் வெற்றி பெறவில்லை. பின்னாளில் பேராயரான ஜான் அயர்லாந்து ஆண்டகை 1876 முதல் இரயில் கம்பெனிகளோடு உடன்பாடு செய்து மேற்கு மினசோட்டாவில் ஐரிஷ் கத்தோலிக்கரைக் குடியமர்த்தினார். 1880இல் கொனமாரா கடற்கரையிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட ஏழைகள் அங்கே கொண்டுவரப்பட்டனர். நிலமும் வீடும் கொடுத்தார்கள். ஆனால் பாறையும் கடலும் அறிந்தவர்களுக்குப் புல்வெளியை உழத் தெரியவில்லை. அவ்வாண்டுக் குளிரோ கொடுமையானது. ஈற்றில் அவர்கள் செயின்ட் பால் நகருக்குப் போய் இரயில்வேக் கூலிகளாயினர். நல்லெண்ணம் படைத்த ஆயர் ஒருவர் வகுத்த திட்டந்தான் இது. வருபவர்கள் என்ன தொழில் அறிந்தவர்கள் என்று கேட்க மட்டும் எவரும் எண்ணவில்லை.

விரும்பி வந்தோரைப் பற்றி மட்டும் பேசுவது முறையன்று. ஏறத்தாழ 4 இலட்சம் ஆப்பிரிக்கர் சங்கிலியிட்டு வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டனர். 1860இல் அவர்கள் வழிவந்த அடிமைகள் ஏறக்குறைய 40 இலட்சம். மூதாதையர் ஊர் எது என்ற கேள்விக்கு இவர்களால் விடை கூற இயலாது; பெயரையும் ஊரையும் சேர்த்தே பறித்துக்கொண்டனர். திருச்சபையின் கைகளும் இதில் தூய்மையாக இல்லை. 1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடன் சுமைக்காகத் தம்மிடமிருந்த 272 அடிமைகளை லூசியானா தோட்டக்காரர்களுக்கு விற்றனர். அவர்களுள் பலருடைய வழிவந்தோர் லூசியானாவில் மேரிங்வின் என்னும் சிற்றூரிலும் சுற்றுப்புறத்திலும் இன்றும் வாழ்கின்றனர். விற்றவர்களின் விசுவாசத்தையே விற்கப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர். அண்மைக் காலத்தில் அவர்களின் வம்சாவளியைத் தேடியபோது, வேறு எந்த ஏட்டிலும் மனிதராக மதித்து எழுதப்படாத அம்மக்களின் பெயர்கள் ஆலயப் பதிவேடுகளில் அகப்பட்டன. 2017இல் இயேசு சபையினர் அவர்கள் முன் நின்று மன்னிப்புக் கேட்டனர்.

இனி நகரத்துப் பங்குகளுக்கு வருவோம். 1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 இலட்சம் இத்தாலியர் வந்தனர். அப்போது நியூயார்க்கில் ஆலயங்கள் ஐரிஷ்காரர் கையில் இருந்தன. மாட் தெருவில் உள்ள ஆண்டவரின் உருமாற்ற ஆலயத்தில் ஐரிஷ்காரருக்கு மேலே பூசை, இத்தாலியருக்குக் கீழே நிலவறையில் பூசை. காணிக்கை போடமாட்டார்கள், சத்தம் போடுவார்கள், சுத்தம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தங்களைப் பற்றியும் பாஸ்டன் கனவான்கள் இதையே சொன்னதை அவர்கள் மறந்துபோனார்கள்! இம்மக்களுக்காகவே பியாசென்சா ஆயர் ஸ்கலபிரினி 1887இல் ஒரு துறவு சபையைத் தொடங்கினார். 2022இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். கப்ரினி அன்னை 1889இல் நியூயார்க் வந்து சேர்ந்தார்.

மொழிப் பிரச்சினை இன்னும் ஆழமானது. ஒவ்வொரு மொழியினருக்கும் தனிப் பங்கு, அவர்கள் மொழி பேசும் குரு, ஆயர்களிலும் அவர்களுக்கு இடம் வேண்டும் என்று 1891இல் ஜெர்மானிய வணிகரான பீட்டர் பவுல் காஹென்ஸ்லியும் நண்பர்களும் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயருக்கு விண்ணப்பித்தனர். ஜான் அயர்லாந்து பேராயர் இதைக் கடுமையாக எதிர்த்தார். எல்லோரும் விரைவில் ஆங்கிலம் பேசும் அமெரிக்கராக வேண்டும் என்பது அவர் கொள்கை. இனவாரி ஆயர்கள் என்ற கோரிக்கையை உரோமை ஏற்கவில்லை. தனிமொழிப் பங்குகளோ பெருகவே செய்தன. சிகாகோவில் போலந்து மக்கள் 1867இல் தொடங்கிய புனித ஸ்தனிஸ்லாஸ் பங்கில் 1890களில் சுமார் 40 ஆயிரம் பேர் இருந்தனர். பிற்காலத்தில் நெடுஞ்சாலைக்காக அவ்வாலயத்தை இடிக்க முற்பட்டபோது மக்கள் விடவில்லை. இன்றைக்கும் சாலைதான் ஆலயத்தை விட்டு வளைந்து போகிறது. ஆனால் பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டன் நகரில் கதை வேறு விதமாக முடிந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த போலந்துக்காரர்கள் தங்கள் கூலியில் ஆலயம் கட்டினர். அதன் நிருவாகத்தில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்றனர். ஆயர் இல்லம் இசையவில்லை. 1897இல் பிரான்சிஸ் ஹோதுர் என்ற குருவின் தலைமையில் அவர்கள் பிரிந்து சென்றனர். அடுத்த ஆண்டு அவர் சபை நீக்கம் செய்யப்பட்டார். அந்தத் தனிச்சபை இன்றும் உள்ளது. விசுவாசக் கோட்பாட்டில் அல்ல, ஆலயச் சாவி யாரிடம் என்பதில் தொடங்கிய பிளவு அது. ஹோதுரை நாம் நியாயப்படுத்தவில்லை. பேசித் தீர்த்திருக்கக்கூடிய விவகாரம் என்பதே நம் கருத்து.

காலம் மற்றவற்றைப் பார்த்துக்கொண்டது. 1917இல் ஜெர்மனியோடு போர் மூண்டதும் ஜெர்மன் மொழிக்கே பகை வந்தது. நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் சிறுவர்க்கு அயல்மொழி கற்பிப்பதைத் தடைசெய்தது. பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழியில் வேதாகமக் கதை படிக்கச் சொல்லிக்கொடுத்த மேயர் என்ற லூத்தரன் பள்ளி ஆசிரியருக்கு அபராதம் விதித்தனர். 1923இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. ஆனால் அதற்குள் வீடுகளில் நாக்கு மாறிவிட்டிருந்தது. ஆகையால்தான் தொகையில் முதலிடம் பெற்ற ஜெர்மானியரைத் தெருவில் இன்று அடையாளம் காண்பது அரிது. 1924இல் நாட்டுவாரி ஒதுக்கீட்டுச் சட்டம் கதவை ஒருக்களித்துச் சாத்தியது. 1965இல் அது நீக்கப்பட்ட பிறகே ஆசிய மக்கள் பெருமளவில் போக முடிந்தது. நம் அண்டை மாநிலச் சீரோ மலபார் மக்களுக்கு 2001இல் சிகாகோவில் தனி மறைமாவட்டமே அமைந்தது.

மாட் தெரு ஆலயம் இன்னும் நிற்கிறது. லூத்தரன் சபையார் 1801இல் கட்டிய அக்கட்டடம் 1853இல் ஐரிஷ் கத்தோலிக்கர் கைக்கு வந்தது. அந்தப் பங்கைத் தொடங்கியவரோ கியூபா நாட்டவரான பெலிக்ஸ் வரேலா என்னும் குரு. நிலவறை இத்தாலியர் பின்னர் மேலே ஏறிவந்து அப்பங்கின் மக்களாயினர். இப்போது அது சீனக் கத்தோலிக்கரின் ஆலயம். காண்டனீஸ், மாண்டரின், ஆங்கிலம் மூன்றிலும் பூசை நடக்கிறது.

இதை எழுதும் வேளையில் நம் பங்குப் பேரவையின் முன் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. நம் ஊர் பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்யும் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலத்துப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை இந்தியில் திருப்பலி கேட்டுள்ளனர். வீட்டில் குடுக், முண்டாரி, கரியா பேசுபவர்கள். அவர்களுக்கும் இந்தி பொதுமொழிதான். பெல்ஜிய இயேசு சபைக் குருவான லீவன்ஸ் அடிகளார் 1885இல் சோட்டா நாக்பூரில் பணி தொடங்கிய நாள் முதல் நான்கைந்து தலைமுறையாகக் கத்தோலிக்கராய் வாழும் குடும்பங்கள் அவை. பூசையைப் பழைய பள்ளிக் கொட்டகையில் வைத்துக்கொள்ளட்டுமே என்று பேரவையில் சிலர் கூறினர். கெட்ட எண்ணத்தோடு கூறவில்லை; ஞாயிறு மாலை மறைக்கல்விக்கு ஆலயம் வேண்டும் என்பது அவர்களுடைய கவலை. மறைக்கல்வியைக் கொட்டகைக்கு மாற்றலாம், திருப்பலி பெரிய ஆலயத்திலேயே நடக்கட்டும் என்பது நம் கருத்து. விழாவுக்குப் பின் கூடும் பேரவை முடிவு செய்யும்.

நம் திருமுழுக்குப் பதிவேட்டில் அவர்களுடைய குழந்தைகளின் பெயர்கள் ஏற ஆரம்பித்துவிட்டன. பெற்றோரின் சொந்த ஊர் என்னும் இடத்தில் 'வடநாடு' என்று மட்டும் குறிக்கும் வழக்கம் அலுவலகத்தில் இருந்து வந்தது. இவ்வாண்டு முதல் கிராமம், பங்கு, மாவட்டம் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறோம். கும்லா, சிம்டேகா, சுந்தர்கட் ஆகிய மாவட்டப் பெயர்களை எப்படி எழுதுவது என்று உபதேசியார் கேட்டார். அவர்களையே தமிழில் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுமாறு கூறினோம்.