ஆசானுக்குரிய கால் பங்கு

வகுப்பறைக் கற்பித்தல் பயனளிக்க ஆசிரியரிடம் எத்தகைய பண்பும் திறனும் அமைதல் வேண்டும் என்னும் வினா, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் தோன்றிய பின்னர் எழுந்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்திலக்கணத்தைத் தொடங்குவதற்கு முன்பே, பாயிரத்தில் அதற்கு விடை கூறுகின்றது.

கற்பிப்பவருக்குக் கலைத்தெளிவும் எடுத்துரைக்கும் ஆற்றலும் உலகியல் அறிவும் வேண்டும் என்பது பவணந்தியார் கருத்து. காலமும் இடமும் நோக்கி, சொல்ல வேண்டிய பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, விரைவும் சினமுமின்றி, முகமலர்ச்சியோடு, மாணவன் ஏற்கும் வகையறிந்து பாடம் சொல்லுதல் வேண்டும் என அவர் முறை வகுக்கின்றார். கழற்சிக்காய் நிறைந்த குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் இட்ட முறையில் வெளிவருவதில்லை. அதுபோல ஒழுங்கின்றிச் சொல்பவரை அவர் ஆசிரியராக ஏற்பதில்லை.

இவற்றினும் வியக்கத்தக்கது அவர் காட்டும் கணக்கு. ஆசான் உரைத்ததைச் செவ்வனே ஏற்றுக்கொண்டாலும் மாணவன் பெறுவது கால் பங்கு புலமையே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு வந்து சேரும். தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதே எஞ்சிய அரைப் பங்கு நிரம்பும்.

இக்கருத்தோடு ஒத்த வழக்கம் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் நிலவியது. சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர்; மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொன்னான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், சிறுவர் மணலில் எழுதக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த முயன்றபோது துணையாசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் தொடக்க வகுப்பை ஒப்படைத்தார். முயற்சி வெற்றி பெற்றது. 1797இல் அவர் இதனை இலண்டனில் நூலாக வெளியிட, 'மதராஸ் முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்தில் பரவலாயிற்று.

ஆயின், ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைக் குறைந்த செலவில் பயிற்றலாம் என்பதே அங்குப் பெரிதாகக் கருதப்பட்டது. மாணவத் தலைவர்கள் பொருள் விளங்காப் பாடத்தையும் ஒப்புவிக்கச் செய்தனர். 1846இல் முறையாகப் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் திட்டம் வந்தபின் பழைய முறை மங்கியது. பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தது குற்றமன்று. அதனை வழிநடத்தும் ஆசான் அருகில் இல்லாததே குறை.

ஓரறையில் ஓராசிரியர் பல வகுப்புகளை நடத்துதல் மலாயாத் தோட்டப் பள்ளிகள் நன்கறிந்த நிலை. மாணவர் தொகை குறைந்த பள்ளிகளில் கூட்டு வகுப்பு இன்றும் அமையக்கூடும். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரண்டாம் ஆண்டு மாணவனுக்குக் கழித்தலில் கடன் வாங்குவதை விளக்கினால் இருவரும் பயனடைவர். அவளுக்கு அது தெளிவாகியுள்ளதா என முன்னரே அறிதலும், விளக்கும்போது செவிசாய்த்துப் பிழை திருத்துதலும் ஆசிரியர் கடமை.

பாடவேளை முடிந்ததும், தாம் எவ்வளவு சொன்னோம் என்பதோடு, மாணவருள் எத்தனை பேர் வாய்திறந்து விளக்கினர் என்பதையும் ஆசிரியர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பவணந்தியார் ஆசானுக்கு அளித்தது கால் பங்கே; எனினும் ஏனைய முக்காற் பங்கும் அதன்மீதே நிற்கின்றது.