செல்ஃப் எடுக்காத கார்

சாவியைத் திருப்பியும் ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினைச் சுழற்றாத நிலையைத்தான் பட்டறைகளில் 'செல்ஃப் எடுக்கலை' என்கிறார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. அதற்குமுன் பெரும்பாலும் கைப்பிடியால் சுழற்றித்தான் வண்டியைக் கிளப்பினார்கள்.

பழுதைக் கண்டுபிடிக்க முதல் கருவி காதுதான். 'டக டக டக' என்று விடாமல் தட்டினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு 'டக்' கேட்டு நின்றுவிட்டால் சாலினாய்டையோ மோட்டாரையோ சந்தேகிக்கலாம். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் என்று தேட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் 'பி'யிலோ 'என்'னிலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமலேயே மெக்கானிக்கை வரவழைத்தவர்கள் உண்டு.

நன்கு சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாதபோது மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கீழே இறங்கினால் ஏறக்குறைய காலி. ஆனால் இந்த அளவை மட்டும் நம்ப முடியாது. 12.6 காட்டி, ஹெட்லைட்டும் பளிச்சென்று எரிந்து, செல்ஃப் மட்டும் எடுக்காத வண்டிகள் ஏராளம். விளக்குக்குச் சில ஆம்பியர் போதும்; ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கும் மேல் வேண்டும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சைப் பொடியால் வெறும் 0.05 ஓம் தடை ஏற்பட்டால்கூட, 100 ஆம்பியரில் 5 வோல்ட் அங்கேயே போய்விடும். இதைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும் மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே அழுக்கு அங்கேதான். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும் இதேபோல் பார்க்கலாம். புது பேட்டரிக்குக் காசு கொடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனை இது.

கிளாம்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினால் பல வண்டிகள் கிளம்பிவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில். வரிசை மாறினால், பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் தீப்பிடிக்க அந்தப் பொறியே போதும்.