வில் நாணிலிருந்து ஆபீஸ் மேசைக்கு

ஓசூர் சிப்காட் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் காத்திருந்தால், கத்தி போல நேராக நிற்கும் இலைகளோடு ஒரு தொட்டிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் இதைப் பாம்புச் செடி என்பார்கள், மாமியார் நாக்கு என்றும் சொல்வார்கள் (பெயர் வைத்தவர் மருமகனாகத்தான் இருக்க வேண்டும்!). ஆபீசுக்குப் பராமரிப்பு அதிகம் தேவைப்படாத செடி எது என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். இப்படிப்பட்ட செடிகள் ஆபீசுக்குள் வந்ததே ஒரு குட்டிச் சரித்திரம்.

பாம்புச் செடியின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. ஆனால் அதன் நெருங்கிய உறவு ஒன்று நம் நாட்டு வறண்ட நிலங்களிலேயே வளர்கிறது. அதுதான் மருள். அதன் இலை நார் அவ்வளவு உறுதியானது, அதில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். பாம்புச் செடி தடித்த இலையில் தண்ணீரைச் சேமித்து வைக்கும். பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். நாம் மறந்தாலும் அது பிழைப்பதற்குக் காரணம் இதுவே.

அடுத்து லண்டனுக்குப் போவோம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே நிலக்கரிப் புகையால் தோட்டச் செடிகளே வாடின. 1829-ல் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர், மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு பெரணி தானாக முளைத்து வளர்வதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகள், கப்பலில் செடிகளை உயிரோடு கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோக உதவின. வீட்டுக்குள்ளோ கேஸ் விளக்கின் புகை, வெளிச்சக் குறைவு. அதையும் தாங்கி நின்றது ஆஸ்பிடிஸ்ட்ரா. 'வார்ப்பிரும்புச் செடி' என்றே அதற்குப் பெயர் வந்தது. அதாவது, எதையும் தாங்கும் செடியைத் தேட வைத்ததே தொழிற்புரட்சியின் புகைதான்.

மூன்றாவது கட்டம் 1989. நாசாவுக்காக பில் வுல்வர்டன் செய்த ஆய்வில், மூடிய சிறு அறைகளுக்குள் இருந்த பென்சீன், ஃபார்மால்டிஹைட் போன்றவை செடிகளால் குறைந்தன. இதில் கூட்டாளி, அமெரிக்கத் தோட்ட ஒப்பந்தக்காரர்களின் சங்கம். வணிகவியல் மாணவனுக்கு இது கண்ணில் படாமல் போகுமா? :-) அன்றிலிருந்து 'காற்றைச் சுத்தம் செய்யும் செடி' என்பது ஒரு விற்பனை வாசகம்.

ஆனால் ஆபீஸ் மூடிய பெட்டி அல்ல. ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸ், வாரிங் இருவரும் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டுமாம். 20 சதுர மீட்டர் அறைக்குக் குறைந்தது 200 தொட்டி. உட்கார இடம் இருக்காது!

நண்பர்களே, நம் ஊரில் இது வெறும் பொது அறிவு விஷயமில்லை. பெயின்ட் வாசனையும் வெல்டிங் புகையும் வரும் இடத்தில் வேலை செய்பவருக்குத் தேவை எக்ஸாஸ்ட் ஃபேனும் நல்ல காற்றோட்டமும். பத்துத் தொட்டி வைத்து அந்தச் செலவை மிச்சம் பிடிக்க முடியாது.

சரி, எதை வாங்கலாம்? ஜன்னலோரம் என்றால் பாம்புச் செடி. வெளிச்சம் குறைந்த மூலைக்கு இசட் இசட் செடி. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது, மண்ணுக்கடியில் கிழங்கில் தண்ணீர் சேமிக்கும். ஆயுத பூஜை, தீபாவளி என்று நாலு நாள் ஆபீஸ் பூட்டிக் கிடந்தாலும் இரண்டுக்கும் கவலையில்லை. இவை சாவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகித்தான். போகிறவர் வருகிறவரெல்லாம் பாட்டிலில் மிஞ்சியதை ஊற்றினால் வேர் அழுகிவிடும். எனவே பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள், மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றச் சொல்லுங்கள்.

கண்ணுக்குச் செடி, மூச்சுக்குக் காற்றோட்டம். பட்ஜெட்டில் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.