ஸ்வெத்லானா: ஒளி என்னும் பெயரும் ஒளியிடம் வந்த பெண்ணும்



திருமறையில் இல்லாத ஒரு பெயரைப் பிள்ளைக்குச் சூட்டலாமா என்னும் கேள்வி, ஞானஸ்நானத்திற்கு ஆயத்தமாகும் குடும்பங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. தாத்தா ஒரு பெயரைச் சொல்வார். தாய் வேறொன்றை விரும்புவாள். 'இது கிறிஸ்தவப் பெயர்தானா?' என்று உறவினர் ஒருவர் ஐயுறுவார். இதே கேள்வியின் முன் நூறாண்டுக்கும் மேலாகக் காத்து நின்ற ஒரு பெயர் உண்டு. ருஷிய நாட்டுப் பெண்பெயராகிய 'ஸ்வெத்லானா'வின் வரலாற்றை இவ்வாரம் நம் தியானத்திற்கு எடுத்துக்கொள்வோம்.

பெயரின் பொருள்

'ஸ்வெத்' என்னும் ருஷியச் சொல்லுக்கு ஒளி என்பது பொருள். அதே சொல் உலகத்தையும் குறிக்கும். அதிலிருந்து பிறந்த 'ஸ்வெத்லானா' என்பதை 'ஒளியுடையவள்' என்று நாம் சொல்லலாம். உக்ரைனியர் இதை 'ஸ்வித்லானா' என்பர். பெலாருஸ் மக்கள் 'ஸ்வியத்லானா' என்பர். வீட்டில் செல்லமாக அழைக்கும்போது இப்பெயர் 'ஸ்வேதா' என்று சுருங்கிவிடும். வெண்மையைக் குறிக்கும் 'சுவேத' என்னும் சமஸ்கிருதச் சொல்லும் ருஷிய மொழியின் 'ஸ்வெத்'தும் ஒரே தொன்மையான வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழியறிஞர் கண்ட உண்மை. ஆகவே நம்மிடையே சுவேதா என்று அழைக்கப்படும் பெண்பிள்ளைகளுக்கு ருஷியப் பனிநாட்டில் பெயரளவில் தமக்கையர் பலர் உண்டு.

கவிஞரின் ஏட்டில் பிறந்த பெயர்

ஒலியைக் கேட்டால் இது ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள பெயர் என்று தோன்றும். உண்மையில் இது 19-ஆம் நூற்றாண்டின் விடியலில் இலக்கியத்தில் பிறந்தது. அலெக்ஸாந்தர் வொஸ்தோகொவ் என்னும் கவிஞர் 1802-இல் எழுதிய ஒரு காதைப்பாடலின் நாயகிக்குப் பழைய ஸ்லாவியப் பெயர்களின் சாயலில் இப்பெயரைச் சூட்டினார். அவருடைய குடும்பப் பெயரே மொழிபெயர்ப்பில் பிறந்ததுதான். ஜெர்மானிய வழிவந்த அவருடைய இயற்பெயர் ஒஸ்தெனெக். அதிலுள்ள 'கிழக்கு' என்னும் பொருளை ருஷிய மொழிக்கு மாற்றி வொஸ்தோகொவ் ஆனார்.

பிற்காலத்தில் அவர் தலைசிறந்த மொழியறிஞராக விளங்கினார். 1056-57-இல் கையால் எழுதப்பட்ட 'ஒஸ்த்ரொமீர் சுவிசேஷம்' என்னும் பழம்பெரும் ஏட்டை ஆராய்ந்து 1843-இல் பதிப்பித்தவர் அவரே. ஆராதனைக்குரிய வாசிப்புகளின் வரிசையில் அமைந்த அந்நூல், உயிர்த்தெழுதல் திருநாளுக்குரிய யோவான் முதலாம் அதிகாரத்தோடு தொடங்குகிறது. இருளில் பிரகாசிக்கிற ஒளியைப் பற்றிய பகுதி அது. ஒளியிலிருந்து ஒரு பெயரை வனைந்த கை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒளியைப் பற்றிய அந்த ஏட்டைத் தாங்கிற்று என்பது எண்ணி வியக்கத்தக்கது.

ஆயினும் இப்பெயரை நாடறியச் செய்தவர் வசீலி ஜுக்கோவ்ஸ்கி. 1813-இல் வெளிவந்த அவருடைய 'ஸ்வெத்லானா' என்னும் காதைப்பாடலில், கிறிஸ்துவின் ஞானஸ்நானத் திருநாளுக்கு முந்தைய இரவில் இளம்பெண்கள் குறி பார்க்கிறார்கள். ஓராண்டாகத் தொலைவிலிருக்கும் மணவாளனை எண்ணி, மெழுகுவர்த்தியும் கண்ணாடியும் வைத்து அமரும் ஸ்வெத்லானா ஒரு பயங்கரக் கனவு காண்கிறாள். விழித்தெழும்போது மணவாளன் உயிரோடு திரும்பி வருகிறான். தெய்வப் பராமரிப்பை நம்பு. கெட்ட கனவுகள் பொய்யானவை என்பதே அப்பாடலின் முடிவு.

திறவாத கதவு

இங்கேதான் வரலாற்றின் முரண் தொடங்குகிறது. ஞானஸ்நானத் திருநாளின் முன்னிரவில் அரங்கேறிய இப்பெயரை ஞானஸ்நானத்தில் எவருக்கும் இடக்கூடவில்லை! ருஷிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஒழுங்கின்படி, பரிசுத்தவான்களின் நாட்காட்டியிலுள்ள பெயரையே குழந்தைக்குச் சூட்ட வேண்டும். அக்காலத்தில் பிறப்புப் பதிவேடும் திருச்சபையின் கையிலேயே இருந்தது. ஸ்வெத்லானா என்று ஒரு பரிசுத்தவாட்டி இல்லாததால் பெயருக்குக் கதவு திறக்கவில்லை.

அவ்வொழுங்கை நாம் எளிதாக இகழ்ந்துவிடலாகாது. விசுவாசத்தில் முன்னோடிய ஒருவருடைய நினைவோடு ஒவ்வொரு பிள்ளையும் வளர வேண்டும் என்னும் நல்லெண்ணம் அதிலிருந்தது. ஆனாலும் மக்கள் நேசித்த அப்பெயர் மனிதரிடம் தங்க இடமின்றிக் கப்பல்களில் தங்கிற்று. 1858-இல் பிரான்சில் நீரில் இறக்கப்பட்ட ருஷியப் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஸ்வெத்லானா என்று பெயர். அதே பெயர் தாங்கிய மற்றொரு கப்பல் 1905-இல் சுசிமா கடற்போரில் மூழ்கிற்று. பீட்டர்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலை ஒன்று தான் செய்த மின்விளக்குகளுக்கும் இப்பெயரைச் சூட்டியது. இரும்புக்கும் கண்ணாடிக்கும் கிடைத்த பெயர் குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

புரட்சியும் ஒரு தகப்பனின் மகளும்

1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பிறப்புப் பதிவு அரசாங்கத்தின் கைக்கு மாறியது. பெற்றோர் விரும்பிய பெயரை இடலாயினர். அக்டோபர் புரட்சியின் நினைவாக 'ஒக்த்யாப்ரினா' என்றும், லெனின் என்பதைத் திருப்பி எழுதி 'நினேல்' என்றும் புதுப்பெயர்கள் தோன்றின. அவற்றில் பல மங்கின, ஸ்வெத்லானா நிலைத்தது. திருச்சபை ஏற்காத பெயர் என்பதே புதிய ஆட்சியில் அதற்குத் தடையில்லாமற் போகக் காரணமாயிற்று.

1926-இல் ஸ்டாலின் தம் மகளுக்கு ஸ்வெத்லானா என்று பெயரிட்டார். அதன்பின் அப்பெயர் வேகமாகப் பரவி, 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோவியத் நாடெங்கும் மிகப் பரவலான பெண்பெயர்களில் ஒன்றாயிற்று. 1984-இல் விண்வெளியில் நடந்த முதல் பெண்மணியான ஸ்வெத்லானா சவீத்ஸ்கயாவும், 2015-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற பெலாருஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சும் 1948 என்னும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள்.

ஆனால் ஸ்டாலினின் மகளுடைய வாழ்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அவருடைய தாயின் பெயர் நதேஷ்தா, பொருள், நம்பிக்கை. பின்னாளில் அவர் ஏற்ற தாய்வழிக் குடும்பப் பெயர் அலிலூயெவா. அது 'அல்லேலூயா' என்னும் சொல்லிலிருந்து வந்தது. ஒளி, நம்பிக்கை, அல்லேலூயா! இத்தனை அழகிய சொற்கள் சூழ்ந்த அந்த வீட்டில் இருள் நிறைந்திருந்தது. ஆறு வயதில் தாயை இழந்தார். தேவனை மறுத்த ஆட்சியின் நடுவே வளர்ந்த அவர், 1962-இல், தம் 36-ஆம் வயதில், மாஸ்கோவில் ஞானஸ்நானம் பெற்றார். 1966-இன் இறுதியில், தாம் நேசித்த பிரஜேஷ் சிங் என்னும் இந்தியரின் அஸ்தியைக் கங்கையில் கரைக்க நம் நாட்டிற்கு வந்தார். 1967 மார்ச்சில் புதுதில்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் கேட்டார். பல தேசங்களில் அலைந்து, 2011-இல் அமெரிக்காவில் மரித்தார். ஒளி என்று பெயரிட்ட தகப்பனால் ஒளியைக் கொடுக்க இயலவில்லை.

பெயர் கண்டடைந்த பரிசுத்தவாட்டி

கிணற்றருகே ஆண்டவரோடு பேசிய சமாரியா ஸ்திரீயை நாம் அறிவோம். யோவான் 4-ஆம் அதிகாரம் அவளுடைய பெயரைச் சொல்லவில்லை. கிழக்கத்திய திருச்சபைகளின் பாரம்பரியமோ அவளை 'ஃபோட்டினி' என்று அழைக்கிறது. அது 'ஒளி' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நீரோ மன்னனின் காலத்தில் அவள் இரத்தசாட்சியாக மரித்தாள் என்பதும் அப்பாரம்பரியம். உயிர்த்தெழுதலுக்குப் பிந்தைய காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள்.

ருஷியத் திருச்சபையும் இறுதியில் அவளை நோக்கித் திரும்பிற்று. ஸ்வெத்லானா என்பது ஃபோட்டினி என்பதன் மொழிபெயர்ப்பே என்று கொள்ளப்பட்டது. ஆட்சியின் இறுக்கம் தளர்ந்து பெரியவர்கள் திரளாக ஞானஸ்நானத்திற்கு வந்தபோது, ஸ்வெத்லானாக்கள் பலர் ஃபோட்டினி என்னும் பெயரால் திருமுழுக்குப் பெற்றனர். நாட்காட்டியில் இடமில்லாதிருந்த பெயருக்கு, சுவிசேஷத்தில் பெயரில்லாதிருந்த ஒரு பெண் தாயானாள்.

பிரியமானவர்களே, நிக்கொதேமு இரவில் ஆண்டவரிடம் வந்தான். சமாரியா ஸ்திரீயோ நண்பகல் வெளிச்சத்தில் அவரைச் சந்தித்தாள். அவளுடைய வாழ்வின் மறைவிடங்களை அவர் அறிந்திருந்தும் அவளைத் தள்ளவில்லை. அவள் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாள். பாரம்பரியம் அவளை ஒளி என்று அழைத்தது இதன் பின்னரே. முதலில் சந்திப்பு, பிறகே பெயர்.

ஆகவே பிள்ளைக்குப் பெயரிடும் குடும்பங்களுக்கு நான் சொல்லத்தக்கது இதுவே. பொருளறிந்து நல்ல பெயரை இடுங்கள். அது திருமறையில் இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் அதற்காக வீட்டில் பிணக்கு வேண்டாம். நாட்காட்டியில் இல்லாத பெயருக்கும் கர்த்தர் தம்முடைய கிணற்றருகே இடம் வைத்திருக்கிறார். ஆனால் பெயரிட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணாதிருங்கள். எந்தப் பெயராயினும், அந்தப் பிள்ளையை மெய்யான ஒளியினிடத்திற்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பெற்றோர் தேவை.

ஜெபம்: எங்களைப் பெயர் சொல்லி அழைக்கிற ஆண்டவரே, நாங்கள் சுமக்கும் பெயர்களுக்கு ஏற்ற வாழ்வை எங்களுக்குத் தாரும். எங்கள் பிள்ளைகள் உமது வெளிச்சத்தில் நடக்கும்படி, எங்கள் வீடுகளில் முதலாவது நீர் பிரகாசித்தருளும். ஆமென்.